சூடு தாங்கும் ரெசின்கள்: கோவைப் பட்டறைக்கு எது ஒத்துவரும், எது வராது

கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, அரசூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பட்டறைக்காரர்கள் கெமிக்கல் கடையில் கேட்பது இதுதான்: "200 டிகிரி தாங்குற ரெசின் இருக்குதுங்களா?" கடைக்காரர் ஒரு டின்னை எடுத்து வைப்பார். லேபிளில் 200 என்றே போட்டிருக்கும். வாங்கி, கலக்கி, ஊற்றி, மறுநாள் ஹீட்டர் பக்கத்தில் மாட்டினால் 90 டிகிரியிலேயே தொய்ந்துவிடும். சரக்கு போலி என்று சண்டை வரும். பெரும்பாலான நேரம் சரக்கில் குறை இருக்காது. தெர்மோசெட் ரெசின் (ஒரு தடவை கெட்டியானால் மறுபடி உருகாத வகை) எவ்வளவு சூடு தாங்கும் என்பதில் பாதியை டின் தருகிறது, மீதியை உங்கள் ஓவன் தருகிறது. அதனால் இங்கே ஒவ்வொரு ரெசினையும், அதற்கு எப்படிப்பட்ட ஓவன் வேண்டும் என்பதோடு சேர்த்தே மதிப்பிடுகிறேன். கம்பெனி பெயர்களைவிட ரெசின் வகைகளைத்தான் அதிகம் சொல்வேன். ஒரே வகையைப் பல கம்பெனிகள் பல நம்பர் போட்டு விற்கின்றன. வகை தெரிந்தால் நம்பர் எதுவானாலும் பிடித்துவிடலாம்.

முதலில் லேபிளில் இருக்கும் எண். கெட்டியான ரெசினைச் சூடுபடுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் விறைப்பு போய்த் தொய்ய ஆரம்பிக்கும். அந்த வெப்பநிலையைத்தான் டிஜி என்கிறார்கள். இதை டிஎஸ்சி மெஷினிலும் (சூடேறும்போது துண்டு வாங்கும் வெப்பத்தை அளப்பது) அளக்கலாம், டிஎம்ஏ மெஷினிலும் (சூடேறும்போது விறைப்பை அளப்பது) அளக்கலாம். டிஎம்ஏ கிராஃபில் விறைப்பு சரியத் தொடங்கும் இடம் ஒன்று, டேன் டெல்டா என்ற கோடு உச்சிக்குப் போகும் இடம் ஒன்று. ஒரே துண்டுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே 15, 20 டிகிரி சாதாரணமாக இருக்கும், சிலவற்றில் அதற்கு மேலும் போகும். விளம்பரத்தில் அச்சாவது பெரும்பாலும் உச்சியில் உள்ள எண். உங்கள் ஃபிக்சர் (வேலைப் பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) வளைவது சரிவு தொடங்கும் இடத்தில். அதேபோல எச்டிடி (லோடு வைத்த துண்டு வளையும் வெப்பநிலை) என்று போட்டிருந்தால், எந்த லோடில் எடுத்தது என்று கேளுங்கள். 0.45 மெகாபாஸ்கலில் எடுத்த எண் 1.8 மெகாபாஸ்கலில் எடுத்ததைவிட எப்போதும் அழகாகத்தான் தெரியும்.

ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எபாக்ஸி தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும், உறிஞ்சினால் டிஜி இறங்கும். விமானப் பாகம் செய்பவர்கள் ஈரமான துண்டின் டிஜியை அளந்து, அதிலிருந்து 28 டிகிரி கழித்து, அதைத்தான் வேலை வெப்பநிலையின் மேல் எல்லையாக வைக்கிறார்கள். சாயப்பட்டறை, சைசிங் (நூலுக்குக் கஞ்சி போடுமிடம்), கொதிகலன் அறை போன்ற இடங்களுக்குப் போகிற பாகங்களுக்கு இந்தக் கழிப்பை நாமும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமானது இன்னொன்று. ரெசின் கெட்டியாக ஆக அதன் டிஜி ஏறிக்கொண்டே வரும். ஓவன் சூட்டை எட்டிப் பிடித்ததும் உள்ளே மூலக்கூறுகளுக்கு அசைய இடமில்லாமல் போய், வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆகவே 80 டிகிரி ஓவனில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் டிஜி 100-ஐ ஒட்டியே நிற்கும். 200 டிகிரி டிஜி வேண்டுமென்றால் பாகம் ஒரு தடவையாவது 180 முதல் 200 டிகிரியைப் பார்த்திருக்க வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

இனி டின்கள்.

சாதா எபாக்ஸியும் அறை வெப்ப ஹார்டனரும் (ரெசினைக் கெட்டியாக்கும் பொருள்): அரால்டைட் எல்ஒய் 556 உடன் எச்ஒய் 951, அல்லது லாபாக்ஸ் எல்-12 உடன் கே-6. 100 கிராமுக்கு 10 கிராம் ஹார்டனர் என்பது காலேஜ் லேபிலிருந்து பட்டறை வரை எல்லோருக்கும் தெரிந்த அளவு. அறை வெப்பத்தில் விட்டால் டிஜி 60-ஐ ஒட்டித்தான் இருக்கும். நல்ல போஸ்ட் க்யூர் (கெட்டியான பிறகு ஓவனில் மறுபடி சுடுவது) கொடுத்தால்கூட 120-ஐ ஒட்டி நின்றுவிடும். ஒட்டுவதற்கும், பேட்டர்ன் செய்வதற்கும், சாதா ஜிக்குக்கும் இதைவிட மலிவாக எதுவும் இல்லை. சூட்டு வேலைக்கு வாங்காதீர்கள். இன்னொரு கவனம்: ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது இந்த அமீன் ஹார்டனர் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே எண்ணெய்ப் பிசுக்கான வெள்ளைப் படலம் விடும். அதன் மேல் அடுத்த கோட் பிடிக்காது. வெந்நீரில் கழுவி, காயவைத்து, உப்புத்தாள் போட்ட பிறகுதான் தொட வேண்டும்.

அன்ஹைட்ரைட் எபாக்ஸி: கோவைப் பட்டறைகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். டிரான்ஸ்ஃபார்மர், காயில் பாட்டிங், இன்சுலேட்டர் வார்ப்பு எல்லாம் இதில்தான் ஓடுகிறது. சூடு அதிகம் கிளப்பாது, வினையை வேகப்படுத்தும் ஆக்சலரேட்டர் சேர்க்கும் வரை மணிக்கணக்கில் பொறுக்கும், பெரிய வார்ப்பையும் தாங்கும். இதன் ஹார்டனர் எம்டிஎச்பிஏ என்று கேட்டால் கிடைக்கும், தண்ணீராட்டம் ஓடும் திரவம்.

அளவை டின்னில் போட்டிருக்கும் எபாக்ஸி ஈக்விவலன்ட் எண்ணிலிருந்து (ஒரு மோல் எபாக்ஸி தொகுதி எத்தனை கிராம் ரெசினில் இருக்கிறது என்பது) நீங்களே கணக்குப் போடுங்கள். சாதாத் திரவ எபாக்ஸிக்கு அது 182 முதல் 192 வரை இருக்கும். 187 என்று வைத்துக்கொள்வோம். எம்டிஎச்பிஏயின் மூலக்கூறு எடை 166. அதில் 0.9 பங்கு எடுத்து, 100-ஆல் பெருக்கி, 187-ஆல் வகுத்தால் 80. அதாவது 1 கிலோ ரெசினுக்கு 800 கிராம் ஹார்டனர். ஆக்சலரேட்டராக பிடிஎம்ஏ 10 கிராம். இந்த மூன்றோடு 300 மெஷ் சிலிகா மாவு 2.7 கிலோ சேர்த்தால் மொத்த எடையில் 60 சதவீதம் ஃபில்லர், அதாவது நிரப்புப் பொடி.

வேலை வரிசை இப்படி. சிலிகா மாவை முதல் நாளே 120 டிகிரியில் 4 மணி நேரம் காயவைத்து, மூடி வைக்க வேண்டும். ரெசினை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி மாவை அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, வாக்குவத்தில் போட வேண்டும். நுரை மேலே பொங்கி வந்து, உடைந்து, தானாக இறங்கும் வரை விட வேண்டும். பொங்கும்போது பயந்து வாக்குவத்தை எடுத்துவிட்டால் குமிழி அப்படியே உள்ளே நின்றுவிடும். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் பொங்கி வழியாது. பிறகு ஹார்டனர், மறுபடி வாக்குவம், கடைசியாக ஆக்சலரேட்டர். மோல்டு 80 முதல் 100 டிகிரிக்குச் சூடாக இருக்க வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றினால் காற்று மறு ஓரமாக வெளியேறும். 100 டிகிரியில் 4 மணி நேரம், 140 டிகிரியில் 8 மணி நேரம். டிஜி 120 முதல் 140 வரை வரும்.

இதில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி ஹார்டனர் டின் மூடியில் ஆரம்பிக்கிறது. டின்னைத் திறந்து பாதி எடுத்துவிட்டு மூடியைச் சும்மா வைத்திருப்பார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மூடியின் மரை வரிகளில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும், அடியிலும் வெள்ளைப் பருக்கைகள் கிடக்கும். ஈரத்தை உறிஞ்சி அன்ஹைட்ரைட் ஆசிடாக மாறியதன் அடையாளம் அது. அந்த ஆசிட் வினையின் வேகத்தை மாற்றும், டிஜியைக் குறைக்கும், வார்ப்பில் குமிழி விடும். கலங்கிய ஹார்டனரை வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று சில கடைகளில் சொல்வார்கள். கேட்காதீர்கள். வடிகட்டி பருக்கையைத்தான் பிடிக்கும், கரைந்திருப்பதைப் பிடிக்காது.

அடுத்தது வெடிப்பு. ஃபில்லர் இல்லாத எபாக்ஸி ஒரு டிகிரிக்கு, மீட்டருக்கு 55 முதல் 65 மைக்ரான் விரியும். செம்பு 17, அலுமினியம் 23, இரும்பு 12. 140 டிகிரியில் கெட்டியாகி 30-க்கு இறங்கும்போது ரெசின் உள்ளே இருக்கும் இரும்பைவிட நான்கைந்து மடங்கு சுருங்கப் பார்க்கும். கூர் மூலை இருந்தால் அங்கே வெடிக்கும். ஓவனை அணைத்து அரைமணி நேரத்தில் கதவைத் திறந்தால் 'டிக்' என்று சத்தம் கேட்பது இதனால்தான். 60 சதவீத சிலிகா போட்டால் விரிவு கிட்டத்தட்ட பாதியாக இறங்கும். உள்ளே பதிக்கும் உலோகத் துண்டான இன்சர்ட்டின் மூலைகளை 2, 3 மில்லிமீட்டர் ரேடியஸுக்கு உருட்டி, ஓவனை மூடியபடியே 50 டிகிரிக்குக் கீழ் இறங்கும் வரை விட்டால் வெடிப்பு அநேகமாக வராது.

நோவலாக் எபாக்ஸி: 140 போதாது, 180 வேண்டும் என்பவர்களுக்கு. ஈக்விவலன்ட் 176 முதல் 181, தேன்பாகைவிடக் கெட்டி. அறை வெப்பத்தில் டின்னைக் கவிழ்த்தால்கூடச் சீக்கிரம் இறங்காது, 60 டிகிரியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். இதோடு நாடிக் மீதைல் அன்ஹைட்ரைடு சேர்த்தால் மேலே சொன்ன அதே முறையில் வார்க்கலாம், 100-க்கு 90 பங்கு. 90 டிகிரியில் 2 மணி, 165-ல் 4 மணி, 200-ல் 16 மணி. கடைசிப் 16 மணி நேரம்தான் இந்த ரெசினுக்குக் கொடுக்கும் விலை. அதைக் குறைத்தால் நோவலாக்குக்குச் செலவு செய்த பணம் வீண்.

இதே ரெசினுக்கு டிடிஎஸ் என்ற பொடி ஹார்டனரும் உண்டு. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் மாத்திரையில் இருப்பதும் இதே மூலக்கூறுதான் என்பது பலருக்குத் தெரியாது. மருந்துதானே என்று நினைத்துவிட வேண்டாம். தூசு உள்ளே போனால் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் கெடும், மாஸ்க் இல்லாமல் எடை போடக் கூடாது. சாதா எபாக்ஸிக்கு 100-க்கு 33 பங்கு, நோவலாக்குக்கு 35 பங்கு. பொடியின் உருகுநிலை 175 டிகிரிக்கு மேல், ஆனால் அவ்வளவு சூடு தேவையில்லை. ரெசினை 120, 130 டிகிரிக்குக் கொண்டுவந்து, பொடியைப் பகுதி பகுதியாகப் போட்டுக் கலக்கினால் கால் மணி, அரை மணியில் கலங்கல் தெளியும். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு துகளும் தெரியக் கூடாது. தெளியாமல் ஊற்றினால் துகள் இருக்கும் இடத்தில் ஹார்டனர் கூடுதலாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் நின்று, பாகம் திட்டுத் திட்டாக வேகும். தெளிந்ததும் உடனே 100 டிகிரிக்குக் கீழே இறக்கி விடுங்கள். 130 டிகிரியில் பெரிய பாத்திரத்தை அப்படியே வைத்திருந்தால் வினை தானே சூட்டைக் கிளப்பி, அந்தச் சூடு வினையை இன்னும் வேகமாக்கி, புகைந்து கரியாகும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம்.

க்யூர்: 130 டிகிரியில் 2 மணி, 180-ல் 4 மணி, 200-ல் 2 மணி. டிஜி 200-ஐ ஒட்டி வரும். இளமஞ்சளாக உள்ளே போனது ஆழ்ந்த தேன்நிறத்தில் வெளியே வந்தால் சரியாக வெந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு குறி. ஆனால் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. விமானப் பாகங்களில் போடும் நான்கு கை எபாக்ஸியான (ஒரு மூலக்கூறில் நான்கு எபாக்ஸி தொகுதிகள்) டிஜிடிடிஎம்மும் இதே ஹார்டனரோடுதான் 240-க்கு மேல் போகிறது. விலையும் அதற்கேற்ப ஏறும், உடையும் குணமும் கூடும். பட்டறை ஃபிக்சருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

டிடிஎம் என்று இன்னொரு ஹார்டனரை மலிவாகத் தருகிறேன் என்பார்கள். சுலபமாகக் கரையும், வேலையும் நன்றாக ஓடும். ஆனால் புற்றுநோய் சந்தேகப் பட்டியலில் இருக்கும் பொருள் அது, தோல் வழியாகவும் உள்ளே போகும். வேலையாட்கள் கையுறை போடாமல் கலக்கும் பட்டறைக்குள் அதை நுழையவே விடாதீர்கள்.

ஃபீனாலிக்: 1909-ல் பேக்லண்ட் பேடன்ட் வாங்கிய பேக்கலைட்டின் வம்சம். கோவை பவுண்டரிகளுக்கு இது அறிமுகம் தேவையில்லாத சரக்கு. வார்ப்பின் உட்குழிவை உருவாக்கும் ஷெல் கோர் மணலில் பூசியிருப்பது நோவலாக் ஃபீனாலிக்கும் ஹெக்சமினும்தான். கோர் பெட்டி 230 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது ஹெக்சமின் உடைந்து ரெசினைக் கட்டுகிறது, அந்த அம்மோனியா நெடிதான் கோர் ஷாப் நெடி. ஸ்டீல் வார்ப்பில் ஊசித் துளைகள் வந்தால் மணலில் ஹெக்சமின் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அதிலுள்ள நைட்ரஜன் அந்தத் துளைகளுக்கு ஒரு முக்கியக் காரணம்.

நாமக்கல், சங்ககிரி லாரிகளின் பிரேக் லைனிங்கும் ஃபீனாலிக்தான். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடு வண்டி இறங்கும்போது லைனிங் 300 டிகிரியைத் தாண்டினால் ரெசின் சிதைந்து வாயுவாக வரும். டிரம்முக்கும் லைனிங்குக்கும் நடுவே அது படலமாக நின்றால் பிரேக் பிடிப்பு குறையும். லைனிங் அச்சில் இருக்கும்போது அழுத்தத்தை ஓரிரு தடவை தளர்த்தி நீராவியையும் அம்மோனியாவையும் வெளியேற்றுவதும், பிறகு 180 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் சுடுவதும் இதற்காகத்தான். மலிவான லைனிங்கில் முதலில் மிச்சம் பிடிப்பது இந்தச் சுடும் நேரத்தில்தான். தீயில் புகை குறைவு, கரியாக நின்று தாங்கும், விலையும் குறைவு. அந்த வகையில் ஃபீனாலிக்கை அடிக்க ஆளில்லை. ஆனால் வினையில் தண்ணீர் வெளிவருவதால் பிரஸ் இல்லாமல், அழுத்தம் இல்லாமல் வார்த்தால் உள்ளே பொத்தல் பொத்தலாக வரும். ஊற்று வேலைக்கு வாங்காதீர்கள்.

பென்சாக்சசின் அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. ஃபீனாலிக்கின் தீக் குணம் இருக்கிறது, ஆனால் வளையம் திறந்து கட்டுவதால் தண்ணீர் வராது, சுருக்கமும் கிட்டத்தட்ட இல்லை. 180 முதல் 200 டிகிரியில் கெட்டியாகும், பொதுவாகக் கிடைக்கும் வகையின் டிஜி 150 முதல் 170. ஃப்ரீசர் தேவையில்லாமல் வைத்திருக்கலாம். நம் ஊர்க் கடைகளில் சில்லறையில் தேடுவது கஷ்டம். கிடைத்தால் டை வேலைக்கு முயன்று பார்க்கத் தகுந்தது.

பிஸ்மாலிமைடு, சயனேட் எஸ்டர்: தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் இடம்பெற்ற பிறகு இவற்றைப் பற்றிக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். பிஸ்மாலிமைடில் (சுருக்கமாகப் பிஎம்ஐ) டைஅல்லைல் பிஸ்ஃபீனால் சேர்த்த வகைதான் நடைமுறைக்கு உதவும். 100-க்கு 85 என்ற விகிதத்தில், 180-ல் 1 மணி, 200-ல் 2 மணி, 250-ல் 6 மணி. டிஜி 270-க்கு மேல். கவனியுங்கள், 250. நம் பட்டறைகளில் உள்ள பெரும்பாலான ஓவன்கள் 200-லேயே நின்றுவிடும். அந்த ஓவனில் வெந்த பிஎம்ஐ, டிடிஎஸ் எபாக்ஸியைவிடப் பெரிதாக உயராது, ஆனால் பல மடங்கு விலை. சயனேட் எஸ்டரும் 280-க்கு மேல் போகக்கூடியது, மின்சாரக் குணம் அருமை, ரேடார் மூடிகளுக்கு அதனால்தான் போடுகிறார்கள். ஈரம் ஆகவே ஆகாது. வேகும்போது தண்ணீர் இருந்தால் கரியமில வாயு வந்து கொப்பளிக்கும். ஃபைபர் துணியையும் ஃபில்லரையும் காயவைக்காமல் தொடவே கூடாது. ட்ராயிங்கில் வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்டால் மட்டும், அவர் ஓவனுக்கும் சேர்த்து விலை கொடுத்தால் மட்டும், இவை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்ஆர்-15 போன்ற பாலிஇமைடுகளை, நாசாவில் உருவான அந்தக் குடும்பத்தை, பட்டறைப் பட்டியலில் சேர்ப்பதில் அர்த்தமில்லை.

மோட்டார் வார்னிஷ் தனிக் கதை. இங்கே டிஜியைவிட தெர்மல் கிளாஸ்தான் (இன்சுலேஷன் நீண்ட நாள் தாங்கும் வெப்பநிலை வகுப்பு) பேச்சு: பி என்றால் 130, எஃப் 155, எச் 180. திருப்பூரில் துணியைக் காயவைத்துச் சீராக்கும் ஸ்டென்டர், காம்பாக்டிங் மெஷின்களின் ஃபேன் மோட்டார்கள் ஏன் அடிக்கடி எரிகின்றன என்பதைக் கணக்கே சொல்லிவிடும். எஃப் கிளாஸ் மோட்டார் 40 டிகிரி அறைக்காக வடிவமைத்தது. 40 கூட்டல் 105 டிகிரி ஏற்றம் கூட்டல் காயிலின் மிகச் சூடான இடத்துக்கான 10 டிகிரி ஹாட் ஸ்பாட், மொத்தம் 155. ஸ்டென்டர் பக்கத்தில் காற்றே 60 டிகிரி என்றால் மொத்தம் 175. எஃப் வார்னிஷ் அங்கே நிற்காது. கிளாஸைத் தாண்டி 10 டிகிரி ஏறினால் இன்சுலேஷன் ஆயுள் ஏறத்தாழ பாதி என்பது பழைய கணக்கு, இன்றும் பொருந்துகிறது.

அதற்காக எச் கிளாஸ் பாலியெஸ்டர்-இமைடு வார்னிஷ் மட்டும் வாங்கினால் போதாது. கம்பி, ஸ்லாட் பேப்பர், ஸ்லீவ், லீட் ஒயர் எல்லாமே எச் ஆக இருக்க வேண்டும். காயில் கட்டும் கடையில் எல்லாம் உயர்தரமாகப் போட்டுவிட்டு லீட் ஒயரை மட்டும் பிவிசியில் விட்டிருப்பதைப் பார்க்கலாம். மோட்டாரின் கிளாஸ் அந்த பிவிசியின் கிளாஸ்தான். முக்குவதற்கு முன் ஸ்டேட்டரை 110, 120 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து ஈரத்தை விரட்டி, 50, 60-க்கு இறக்கி, குமிழி வருவது நிற்கும் வரை வார்னிஷில் அமிழ்த்தி, அரைமணி வடியவிட்டு, 150, 160 டிகிரியில் 6 முதல் 8 மணி சுட வேண்டும். இரண்டாவது முக்கு தலைகீழாக. சூடு இறங்காத ஸ்டேட்டரை அவசரத்தில் தொட்டியில் இறக்கினால் தொட்டி வார்னிஷே திரிய ஆரம்பிக்கும், தின்னர் ஆவியும் எழும். அது தீ அபாயம்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களில் தண்ணீர் நிரப்பும் வகைக்கு இது எதுவும் பொருந்தாது. அவற்றின் கம்பி பிளாஸ்டிக் உறை போட்டது, தண்ணீரிலேயே கிடக்க வேண்டியது. அதற்கு வார்னிஷ் போட்டுச் சுட்டால் உறை உருகிவிடும். ஆயில் நிரப்பும் வகையும் வெளியே வைக்கும் மோனோபிளாக் பம்பும்தான் வார்னிஷ் வேலை.

இனி ஓவன். ரெசினுக்குச் செலவு செய்யும் முன் இதில் பணத்தைப் போடுங்கள் என்பதுதான் என் உறுதியான பரிந்துரை. ஃபேன் இல்லாத பெட்டி ஓவனில் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் 20 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம். டிஸ்ப்ளே காட்டுவது சுவர் ஓரத்து காற்றின் சூடு. 20 கிலோ இரும்பு மோல்டின் நடுவே அந்தச் சூடு போய்ச் சேர இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். மோல்டில் ஒரு துளை போட்டு, கே வகை தெர்மோகப்பிளை (வெப்பநிலை உணரும் ஒயர்) உள்ளே விட்டு, கதவு இடுக்கு வழியாக ஒயரை வெளியே எடுத்து, தனி மீட்டரில் பாருங்கள். க்யூர் நேரம் அந்த மீட்டர் 180-ஐத் தொட்ட நிமிடத்தில்தான் தொடங்குகிறது. "நாலு மணி நேரம் வச்சமுங்க" என்று சொல்லும் பாகங்களில் பல, உண்மையில் ஒன்றரை மணி நேரம்தான் வெந்திருக்கும்.

மோல்டிலிருந்து எடுத்த பாகத்தை நேராக 200 டிகிரியில் வைக்கக் கூடாது. அப்போது அதன் டிஜி 100 என்றால் தன் எடையிலேயே வளையும். மணிக்கு 10 முதல் 20 டிகிரி ஏற்றிக்கொண்டே போனால் டிஜி எப்போதும் ஓவனுக்கு ஓரடி முன்னால் போய்க்கொண்டிருக்கும். நீளமான பாகத்தைத் தட்டையான தாங்கியில் வைத்தே சுடுங்கள். சூட்டைத் தானே படிப்படியாக ஏற்றி நிறுத்திவைக்கும் ராம்ப்-சோக் கன்ட்ரோலர் இருந்தால் ராத்திரி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நடுவில் கரன்ட் போனால் பதறிக் கதவைத் திறக்க வேண்டாம். மூடியே விட்டு, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், ஜெல் ஆன (ஓடாமல் உறைந்த) பிறகு அதனால் கெடுதல் இல்லை. பாகம் மோல்டில் ஒட்டாமலிருக்கப் பூசும் மெழுகு ரிலீஸ் இந்தச் சூட்டில் உருகி ஓடிவிடும், டெஃப்லான் பூசிய கண்ணாடித் துணியோ அதற்கென்று வரும் செமி-பெர்மனன்ட் ரிலீஸோ போடுங்கள்.

200 டிகிரி ஓவன் சொந்தமாக இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பவுடர் கோட்டிங் ஓவன்கள் 180 முதல் 200 வரை போகும், கோவையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. ராத்திரி ஷிஃப்ட் இல்லாத இடத்தில் வாடகைக்குக் கேட்கலாம். சிலிகான் ரிலீஸ் ஏஜென்ட் போட்ட மோல்டையும் சிலிகான் வார்னிஷையும் மட்டும் அங்கே கொண்டு போகக் கூடாது. அதன் ஆவி சுவரில் படிந்து, மறுநாள் அவர்கள் அடிக்கும் பவுடர் முழுக்கக் குழி குழியாக வரும்.

வெந்ததா என்று பார்க்க லேப் வரை போக வேண்டியதில்லை. ஒவ்வொரு பேட்ச்சிலும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டைக் கூடவே வார்த்து, பாகத்தோடே ஓவனில் வையுங்கள். வெளியே வந்ததும் ஹாட் பிளேட்டில் வேலை வெப்பநிலைக்குச் சூடாக்கி, ஸ்க்ரைபர் முனையால் அழுத்திப் பாருங்கள். கீறல் விழுந்து தூள் வந்தால் சரி. முனை உள்ளே அமிழ்ந்து பள்ளம் விழுந்தால் அந்த வெப்பநிலைக்கு அது இன்னும் ஆகவில்லை, திரும்ப ஓவனுக்குள் போக வேண்டும். இன்னொரு துண்டை அசிட்டோனில் ஒரு நாள் போட்டு எடுங்கள். மேற்பரப்பு பிசுபிசுத்தால் வேகவில்லை, அல்லது அளவு தப்பு. திரும்பச் சுட்டும் பிசுபிசுப்பு போகவில்லை என்றால் அளவுதான் தப்பு, அதற்கு மருந்து கிடையாது. வாடிக்கையாளர் எண்ணோடு சான்றிதழ் கேட்டால் டிஎஸ்சி டெஸ்டுக்கு அனுப்புங்கள். இன்ஜினியரிங் கல்லூரிகளின் பாலிமர் லேபிலும் சென்னை கிண்டியிலுள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டிலும் செய்து கொடுப்பார்கள். ஓவனில் எப்படிச் சுட்டீர்கள் என்ற விவரத்தையும் துண்டோடு எழுதி அனுப்பினால், வரும் எண்ணை வைத்து அடுத்த பேட்ச்சைத் திருத்திக்கொள்ளலாம்.

கடையில் வாங்கும்போது டின்னில் பேட்ச் எண்ணும் தயாரித்த மாதமும் இருக்கிறதா என்று பாருங்கள். எபாக்ஸி ஈக்விவலன்ட் எழுதாத, "ஹை டெம்ப்" என்று மட்டும் எழுதிய, டிரம்மிலிருந்து பிரித்து ஊற்றிக் கொடுக்கும் சரக்கை வேண்டாம் என்று சொல்லுங்கள். அளவைக் கணக்கிடவே வழியில்லாத ரெசின் அது. மார்கழிக் குளிரில் ரெசின் டின்னில் சர்க்கரைக் கட்டி போல வெள்ளையாக உறைந்திருந்தால் அது கெட்டுப்போனது இல்லை, 50, 60 டிகிரியில் முழுக்கத் தெளியும் வரை வைத்துக் கலக்கிவிட்டு எடுக்கலாம். ஹார்டனரில் வெள்ளை கண்டால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அன்ஹைட்ரைடை உங்கள் ஒரு வார வேலைக்கான சிறு டின்களாகவே வாங்குங்கள், கிலோவுக்குக் கொஞ்சம் விலை கூடினாலும் சரி. திறந்த டின்னில் மிச்சம் இருந்தால் காய்ந்த நைட்ரஜனை மேலே விட்டு, மூடியின் மரையைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, இறுக்கி, திறந்த தேதியை மார்க்கரில் எழுதி வையுங்கள்.